‘பயன்பாடு’ என்ற சொல்லுக்காக அழுவார் யார்?

ஓட்டப்பந்தயக் கார்களால் புகழ்பெற்ற நிறுவனங்கள் உயரமான, கனமான எஸ்யூவிகளைச் செய்வது தகுமா என்ற விவாதம் நண்பர்களின் பக்கங்களில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. ஒரு சாரார் இதனைத் துரோகம் என்கின்றனர். ஃபெராரி என்றால் தரையோடு தரையாகக் கிடக்கும் இரண்டு இருக்கைகள், லம்போர்கினி என்றால் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், மற்றதெல்லாம் கலப்படம் என்பது அவர்கள் வாதம். மறுசாரார், நிறுவனம் பிழைக்க வேண்டாமா என்று கேட்கின்றனர். இரண்டு பக்கத்திலும் படித்தவர்களே இருக்கிறார்கள். இருந்தும் விவாதம் ஓரடியும் நகரவில்லை. கார் வாங்கும் வசதியோ ஓட்டத் தெரிந்த கைகளோ இல்லாத ஒரு மொழியியல் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இச்சண்டையின் பெரும்பகுதி பெயர்களைப் பற்றியது என்பதால்தான் எழுதத் துணிகிறேன்.

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் விற்பனை சரிந்து தள்ளாடிய போர்ஷே, முதலில் பாக்ஸ்டர் என்னும் சிறிய திறந்த காரினாலும், பின்னர் 2002ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டிய கயேன் என்னும் எஸ்யூவியாலும் மீண்டெழுந்தது. அன்று முகம் சுளித்த ரசிகர்கள், கயேன் ஈட்டிய பணத்தில்தான் 911 தொடர்ந்து வாழ்ந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றனர். லம்போர்கினி 2017 டிசம்பரில் ஊருஸை அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் அது விற்ற கார்கள் 3,815. 2023இல் அந்த எண் 10,112. அவற்றுள் 6,087 ஊருஸ். இந்தியாவில் 2021இல் 69, 2022இல் 92, 2023இல் 103, 2024இல் 113 என்று லம்போர்கினிகள் விற்றிருக்கின்றன. இங்கும் பெரும்பான்மை ஊருஸே. ஃபெராரியின் தலைவராயிருந்த செர்ஜியோ மார்க்கியோன்னே, தம்மைச் சுட்டு வீழ்த்தினாலன்றி எஸ்யூவி வராது என்னும் பொருள்படப் பேசியவர். பின்னர் அவரே அதன் வரவை அறிவிக்க நேர்ந்தது. அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் புரோசாங்குவே வெளிவந்தது. எடைக்குறைப்பையே வேதமாகக் கொண்டிருந்த கோலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் இன்று எலெட்ரே என்னும் ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ள மின் எஸ்யூவியைச் சீனத்தின் வூஹானில் செய்கிறது. 1996இல் வந்த லோட்டஸ் எலிசேயின் எடை சுமார் 725 கிலோ. மூன்று எலிசேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒரு எலெட்ரேயின் எடை வராது.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் மும்பைக்கும் உண்டு. அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 2008இல் டாடா மோட்டார்ஸ் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கிய பிறகு, ஈ-டைப் என்னும் அழகிய காரினால் அறியப்பட்ட ஜாகுவாரின் எதிர்காலம் கோட்டைப் பகுதியிலுள்ள பாம்பே ஹவுசின் கவலையாயிற்று. 2016இல் எஃப்-பேஸ் என்னும் ஜாகுவாரின் முதல் எஸ்யூவி விற்பனைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டின் உலகக் கார் விருதையும் வென்றது. 2018இல் ஜாகுவார் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் கார்கள் விற்றது. ஆனால் அதன்பின் விற்பனை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது. எஃப்-டைப் என்னும் ஓட்டக் காரின் உற்பத்தி 2024இல் நின்றது. நிறுவனம் பழைய வரிசையைக் கைவிட்டு மின்கார் மட்டுமே செய்யும் புதிய பிறப்புக்குக் காத்திருக்கிறது. ஆகவே ‘எஸ்யூவி செய்தால் பிழைத்துக்கொள்ளலாம்’ என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ஷேக்கு உதவிய மருந்து ஜாகுவாருக்கு உதவவில்லை. வணிக வாதத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். அதில் எனக்கு ஆர்வம் குறைவு.

துரோகம் என்னும் வாதத்துக்கு வருவோம். ‘அவன் ஃபெராரி ஓட்டுகிறான்’ என்னும் தொடரில் ஃபெராரி என்பது என்ன பெயர்? பள்ளியில் நன்னூல் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: கருத்தா ஆகுபெயர். திருவள்ளுவரைப் படித்தேன் என்றால் திருக்குறளைப் படித்தேன் என்று பொருள்படுவதுபோல, செய்தவன் பெயர் செய்த பொருளுக்கு ஆகி வந்தது. என்ஸோ ஃபெராரி, ஃபெருச்சியோ லம்போர்கினி, ஃபெர்டினாண்ட் போர்ஷே ஆகிய எல்லோரும் மனிதர்கள். அவர்கள் பெயர்கள் பட்டறையிலிருந்து வெளிவந்த பொருள்மீது ஒட்டிக்கொண்டன. கருத்தா ஆகுபெயருக்கு ஓர் இயல்பு உண்டு. அது பொருளின் வடிவத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. அந்தக் கருத்தா நாளை நாற்காலி செய்தாலும் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். ரசிகர்கள் செய்வது என்னவென்றால், கருத்தா ஆகுபெயரைப் பண்புப்பெயராக வாசிப்பது. ஃபெராரி என்றால் தாழ்வு, வேகம், சிவப்பு, இரைச்சல் என்று ஒரு பண்புத்தொகுதியை அவர்களாகவே பெயருக்குள் ஏற்றிவிட்டு, நிறுவனம் அதை மீறியதாகக் குற்றஞ்சாட்டுகிறார்கள். ஏற்றியதில் நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை.

லம்போர்கினியின் செய்தி இன்னும் வேடிக்கையானது. ஃபெருச்சியோ லம்போர்கினி 1948இல் தொடங்கியது உழவு இயந்திரத் தொழிலை. கார் நிறுவனம் வந்தது 1963இல். டிராக்டர் செய்தவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனம் ‘பயன்பாட்டு ஊர்தி’ செய்வது மரபுக்கு மாறானது என்று சொல்ல, மரபை 1963இல் தொடங்கினால்தான் முடியும். போதாக்குறைக்கு 1986இலேயே எல்எம்002 என்னும் பாலைவன முரட்டு வண்டியை அது செய்து, சுமார் 300 எண்ணிக்கையில் விற்றும் இருக்கிறது.

ஃபெராரி தன் வண்டிக்கு வைத்த பெயரைப் பாருங்கள். புரோசாங்குவே என்பதற்கு இத்தாலிய மொழியில் உயர்சாதிக் குதிரை என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தூய இரத்தம்’. கலப்படம் என்ற குற்றச்சாட்டு வரும் என்று தெரிந்தே, முன்கூட்டிப் பிறப்புச் சான்றிதழை நெற்றியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இத்தாலியருக்கு அது குதிரையைத்தான் நினைவூட்டும். தாராவியில் களப்பணி செய்யும் எனக்கு, திருநெல்வேலிச் சீமையின் ஊர்த்தெருக்களையும் அவற்றின் எல்லைகளையும் விட்டு ஓடிவந்து தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி வேலை செய்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளோடு நாள்தோறும் பேசும் எனக்கு, தூய இரத்தம் என்னும் தொடர் குதிரையை நினைவூட்டவில்லை. மொழித்தூய்மை பற்றிய நூற்றாண்டு விவாதத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கும் தூய்மைச் சொல்லாடலின் இலக்கணம் பழக்கமானது: எந்த நாளிலிருந்து தூய்மை கெட்டது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளைச் சொல்வார்கள். ஃபெராரி ரசிகர்களும் அப்படியே. சிலருக்கு நான்கு இருக்கை வந்த நாள், சிலருக்கு டர்போ வந்த நாள், சிலருக்குக் கலப்பின மோட்டார் வந்த நாள்.

மற்றப் பெயர்களையும் இவ்விடத்தில் சொல்லாமல் போக மனமில்லை. கயேன் என்பது மிளகாய். மக்கான் என்று போர்ஷே தன் சிறிய எஸ்யூவிக்கு வைத்தது புலியைக் குறிக்கும் இந்தோனேசியச் சொல். அம்மொழியில் அந்த எழுத்துக்குச் சகர ஒலி என்பதால், ஜகார்த்தாக்காரர் உச்சரித்தால் நம் காதில் ஏறக்குறைய ‘மச்சான்’ என்றே விழும். ஒன்றேகால் கோடி ரூபாய் மச்சானை யாருக்குத்தான் பிடிக்காது! ஊருஸ் என்பது ஐரோப்பியக் காட்டுமாட்டின் இலத்தீன் பெயர். அந்த இனத்தின் கடைசி உயிர் 1627இல் போலந்துக் காட்டில் இறந்தது. வீட்டு மாடுகள் அனைத்துக்கும் மூதாதை அது; நம் திமில் மாடுகளின் மூதாதையும் அதன் இந்தியக் கிளையே. வீட்டுக்கென்று பழக்கிய மாட்டுக்கு, அழிந்துபோன காட்டுமாட்டின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் வண்டிக்கு அது பொருத்தமான முரண்தான். தாராவித் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஊருஸ் என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து மாகிம் தர்காவில் டிசம்பர் தோறும் நடக்கும் உரூஸ்தான் அவர்கள் நினைவுக்கு வரும். அரபியில் அது திருமணத்தைக் குறிக்கும் சொல்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எஸ்யூவி என்ற சுருக்கத்தின் விரிவு ஸ்போர்ட் யூட்டிலிட்டி வெஹிக்கிள். தமிழிலக்கணக் கண்ணோடு பார்த்தால் முதலிரண்டு சொற்களும் உம்மைத்தொகை: விளையாட்டும் பயன்பாடும். இரவுபகல் போல எதிரெதிரான இரண்டை ‘உம்’ மறைந்து நின்று பிணைக்கிறது. நண்பர்கள் அனைவரும் முதற்சொல்லைப் பற்றி மட்டுமே சண்டையிடுகிறார்கள். ‘ஸ்போர்ட்’ போய்விட்டதா, இருக்கிறதா? 650 குதிரைத்திறன், நின்ற நிலையிலிருந்து 3.6 விநாடியில் மணிக்கு 100 கி.மீ., உச்சவேகம் 305 கி.மீ. என்று கணக்குக் காட்டி ஊருஸில் அது இருக்கிறது என்று நிறுவுகிறார்கள். இருக்கட்டும். இரண்டாவது சொல்லின் கதி என்ன? பயன்பாடு என்ற சொல்லுக்காக ஒருவரும் ஒரு துளிக் கண்ணீரும் விடவில்லையே. இந்த வரலாற்றில் உண்மையில் பறிபோன சொல் அதுதான் என்பது என் துணிபு.

பயன்பாட்டு ஊர்தி என்னும் கருத்து இந்நகரில் எப்படிப் பிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1945இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைக் கப்பலில் தருவித்து இங்கே மசகாவில் பூட்டியது. அரசு அலுவலர், காவல்துறை, இராணுவம், வனத்துறை, மலைத்தோட்டம், பிற்காலத்தில் தேர்தல் பரப்புரை என்று அந்த வண்டி போகாத இடமில்லை. அதில் ஏறியவன் கூரையைப் பார்த்ததில்லை, கைப்பிடியைத்தான் பார்த்தான். 2005இல் டாடா ஏஸ் வந்தது. வடக்கில் சோட்டா ஹாத்தி, நமக்குக் குட்டி யானை. அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் 3.8 மீட்டர், ஏற்றும் சுமை 750 கிலோ. தாராவியின் 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் தோலும் துணியும் நெகிழிச் சிப்பமும் நகர்வது அதனாலும், அதனாலும் நுழைய முடியாத இடங்களில் கைவண்டியாலும்தான். மும்பைத் தமிழில் கைவண்டிக்கு ஹாத்காடி என்று பெயர், காருக்குக் காடி. ஹாத்காடி இழுப்பவரும் லம்போர்கினி ஓட்டுபவரும் இம்மொழியில் ஒரே பெயர்ச்சொல்லைத்தான் ஓட்டுகிறார்கள். சாலை அதனை ஒப்புக்கொள்வதில்லை.

தாராவியைத் தமிழ்நாட்டார் பெரும்பாலோர் அறிந்தது 2018 ஜூனில் வந்த பா. இரஞ்சித்தின் ‘காலா’ வழியாக. நிலத்துக்காகப் போராடும் அந்தப் படத்தின் முதற்காட்சிப் படத்தில் ரஜினிகாந்த் அமர்ந்திருந்தது ஒரு மஹிந்திரா தார் வண்டியின்மேல். அதன் எண் 1956 என்று முடிந்தது. அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய ஆண்டு அது என்று பலரும் எழுதினோம். அந்த வண்டியைத் தம் நிறுவன அருங்காட்சியகத்துக்குத் தரவேண்டும் என்று ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் கேட்டதும் நினைவிருக்கலாம். அதே 2018ஆம் ஆண்டு ஜனவரியில்தான் 3 கோடி ரூபாய் விலையில் ஊருஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது. இரண்டாண்டு கழித்து, 2020 ஜூலையில், ஊரடங்கின் நடுவே, முகக்கவசம் அணிந்து ஊருஸை ஓட்டும் ரஜினிகாந்தின் நிழற்படம் பரவி, ‘லயன் இன் லம்போர்கினி’ என்று நாள் முழுதும் பேசப்பட்டது. கூடவே இ-பாஸ் பற்றிய விவாதமும். ஒரு நடிகர் தம் பணத்தில் எந்தக் காரை ஓட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. வேடத்தையும் ஆளையும் குழப்பிக்கொள்ளும் வயதையும் கடந்துவிட்டேன். நான் கவனித்தது வேறு. இரண்டு படங்களிலும் வண்டி உயரமானது, முரட்டுத் தோற்றமுடையது, சக்கரம் பெரியது. முதற்படத்தில் அந்த உயரத்துக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டாவதில் வேலை நீங்கி உயரம் மட்டும் எஞ்சியது. சொற்பொருள் மாற்றத்தில் இதற்குப் பொருள் வெளிறுதல் என்று பெயர்: சொல் நிற்கும், உள்ளிருந்த கனம் கரைந்துபோகும்.

உடனே ஒரு மறுப்பு வரும். மாட்டுங்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மும்பைச் சாலைகளுக்கு உயரமான வண்டிதான் சரி. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் வந்து பார். வந்து பார்த்திருக்கிறேன், பார்க்காமல் அங்கே வாழ முடியாது. காற்றுத் தாங்கிகளின் உதவியால் ஊருஸ் தன் அடிவயிற்றைத் தரையிலிருந்து 158 மி.மீ. முதல் 248 மி.மீ. வரை உயர்த்திக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆனால் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. அன்றைய தண்ணீருக்கு 248 மி.மீ. ஒரு விடையாகாது. கிங்ஸ் சர்க்கிளின் தண்ணீருக்கு விடை வடிகால். ஒருவர் தம் இருக்கையை உயர்த்திக்கொள்வதால் தெருவின் நீர்மட்டம் இறங்குவதில்லை. சக்கரம் எழுப்பும் அலை நடந்து போகிறவர் இடுப்பில் அடிக்கும் என்பதுதான் நடைமுறை. நகரத்தின் பொதுக்குறையைத் தனியொருவர் விலைகொடுத்துத் தாண்டிவிடும்போது, அக்குறையைத் தீர்க்கச் சொல்லிக் குரல் கொடுக்கக்கூடிய, அதிகாரத்துக்குக் கேட்கக்கூடிய ஒரு குரல் குறைகிறது. நண்பரின் வாதத்தில் எனக்குள்ள உண்மையான அச்சம் இதுதான்.

சாலைகளின் கதையும் இதற்கு இசைந்தே எழுதப்படுகிறது. நான் வசிக்கும் செம்பூரிலிருந்து தென்மும்பைக்குச் செல்ல 2013இல் கிழக்குப் பெருவழி திறந்தது. 2024 மார்ச்சில் வொர்லியிலிருந்து மரைன் டிரைவ் வரை கடற்கரைச் சாலை திறந்தது. இரண்டிலும் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. கடற்கரைச் சாலையில் மூன்று சக்கர வண்டிகளுக்கும் இல்லை. அதாவது இந்நகரில் உழைப்போரின் பயன்பாட்டு ஊர்தி எதுவோ அதற்கு நுழைவில்லை. ‘பயன்பாடு’ என்று பெயரிட்ட வண்டிக்கு உண்டு. மணிக்கு 305 கி.மீ. ஓடக்கூடிய அவ்வண்டி, கடற்கரைச் சாலையின் நேர்ப்பகுதியில் 80, சுரங்கத்தில் 60, வளைவில் 40 என்னும் வரம்புக்குள் ஓட வேண்டும். ஸ்போர்ட்டும் யூட்டிலிட்டியும் ஒருங்கே வேலையிழந்து, வெஹிக்கிள் மட்டும் எஞ்சுகிறது.

இடத்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, கணக்காகச் சொல்லிவிடுகிறேன். ஊருஸின் நீளம் 5.112 மீட்டர். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல் அகலம் 2.016 மீட்டர். பெருக்கினால் 10.3 சதுர மீட்டர், அதாவது சுமார் 111 சதுர அடி. தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கென்று 2024இல் அறிவிக்கப்பட்ட வீட்டின் பரப்பு 350 சதுர அடி. சமையலறையும் கழிப்பறையும் அதற்குள்ளேயே. மூன்று ஊருஸ்களை நெருக்கி நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் வீடு நிறைந்துவிடும். 350 சதுர அடிக்குத் தகுதி நிறுவ, தரைத்தளத்தில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்து குடியிருந்ததற்குத் தாள்கள் காட்ட வேண்டும். காட்ட முடியாத தாத்தாக்களை எனக்குத் தெரியும். தெருவோரத்தில் 111 சதுர அடியைப் பிடித்துக்கொள்ள எந்தத் தாளும் தேவையில்லை.

இந்த 113 லம்போர்கினிகளுக்காகவா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு: 113 என்பது மேலேயுள்ள பனிமுகடு. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற ஏறத்தாழ 43 இலட்சம் பயணிகள் ஊர்திகளில் 28 இலட்சம் ‘பயன்பாட்டு ஊர்தி’ என்னும் வகைக்குள் வருபவை, நூற்றுக்கு 65. மேலிருப்போரின் சொல் கீழே வடிந்துகொண்டே வருவது மொழியில் இயல்பு. தெருவிலும் அதுவே நடக்கிறது. ஓட்டக்கார் நிறுவனங்கள் வரை உயரமான வண்டிக்குப் பணிந்துவிட்ட பிறகு, சிறிய கார் வைத்திருப்பது சிறுமை என்று செம்பூர் அடுக்ககங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பத்தாண்டுக்கு முன்பு இரண்டு கார்கள் எதிரெதிர் ஒதுங்கிச் சென்ற எங்கள் தெருவில் இன்று ஒன்று பின்வாங்க வேண்டியிருக்கிறது. பின்வாங்குவது எப்போதும் சிறியது.

இங்கே, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, மொழியியலாருக்கு மகிழ்ச்சி தரும் ஒரு செய்தி வந்தது. சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், எஸ்யூவி மீது கூடுதல் தீர்வை விதிப்பதற்காக 2022 டிசம்பரில் அதற்கு இலக்கணம் வகுத்தது. மக்கள் வழக்கில் எஸ்யூவி என்று அறியப்படுவது, இயந்திரக் கொள்ளளவு 1,500 சி.சி.க்கு மேல், நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று நான்கு நிபந்தனைகள். முதல் நிபந்தனை நிறுவனங்களுக்கு வழிவிட்டது: எங்கள் வண்டியை யாரும் எஸ்யூவி என்று அழைப்பதில்லையே என்று சொல்லிவிடலாம். 2023 ஜூலையில் மன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், மற்ற மூன்று அளவுகளும் பொருந்தினால் அது பயன்பாட்டு ஊர்தியே. தரை இடைவெளியும் சுமையேற்றாத நிலையில் அளக்கப்பட வேண்டும் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை முறை மாறிப் பெரிய கார்களுக்கு நேராக 40 விழுக்காடு வரி என்று ஆனபோதும் 170 மி.மீ. தொடர்கிறது. ஃபெராரி தன் வண்டியை எஸ்யூவி என்று அழைக்க மறுக்கிறது. நான்கு கதவும் நான்கு இருக்கையும் உடைய ஃபெராரி என்றே சொல்கிறது. லம்போர்கினி தன்னுடையதைச் சூப்பர் எஸ்யூவி என்கிறது. தூய இரத்தமோ காட்டுமாடோ, இந்திய வரிச்சட்டம் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. பெயரைப் பற்றிய சண்டையில் ‘எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்’ என்பதைவிடத் தெளிவான தொடரை நான் படித்ததில்லை. அதை எழுதிய அலுவலர் யாராயினும் அவருக்கு என் வணக்கம்.

ஆனால் அந்த வரையறையில் ஒரு குறை உண்டு. நீளம் இருக்கிறது, உயரத்துக்குப் பதிலியாகத் தரை இடைவெளி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. அகலமும் எடையும் இல்லை. இந்நகரின் தெருக்களில் இடத்தைத் தீர்மானிப்பது அகலம். நடப்பவர்மேல் மோதும்போது தீர்மானிப்பது எடையும் முகப்பின் உயரமும். பாரிஸ் நகரில் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுத்து, கனமான கார்களை நிறுத்துவதற்கான கட்டணத்தை வெளியூராருக்கு மும்மடங்காக்கினார்கள். எரிபொருள் காருக்கும் கலப்பினக் காருக்கும் 1.6 டன், மின்காருக்கு 2 டன் எல்லை. நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ. வாக்களிக்க வந்தவர்கள் மிகச்சிலரே என்ற குறை அங்கும் சொல்லப்பட்டது. ஆனாலும் அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது.

மும்பை மாநகராட்சி கட்டண நிறுத்துமிடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மணிக்கு எத்தனை ரூபாய் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சதுர அடிக்கு எத்தனை ரூபாய் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு அப்படித்தானே கேட்கிறோம்? மாட்டுங்காவில் ஒரு சதுர அடி என்ன விலை என்று பால்காரருக்கும் தெரியும். அதே மாட்டுங்காவின் தெருவோரத்தில் 111 சதுர அடி என்ன வாடகை என்று கேளுங்கள். அகலத்தையும் எடையையும் கணக்கில் கொண்ட நிறுத்துக்கட்டணத்தை மாநகராட்சி அறிவித்தால், குட்டி யானைக்குக் குறைவாகவும் காட்டுமாட்டுக்குக் கூடுதலாகவும் வரும். தூய இரத்தக்காரர்களும் மறுக்க முடியாது; எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடலாம். ஆட்சேபங்களைக் கருத்துப்பெட்டியில் எழுதுங்கள். குதிரைத்திறன் கணக்குகளைத் தயவுசெய்து வேண்டாம். அவை எனக்கு மனப்பாடம்.